சென்னைக்கு அருகில் விளைவதைச் சென்னை உண்ண முடியுமா?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

உள்ளூர் உணவு என்ற பேச்சு கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தலாம், சென்னைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. நம் வெங்காயம் நாசிக்கிலிருந்தும், கேரட் ஊட்டியிலிருந்தும், தக்காளி மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வருகின்றன. தாம்பரத்தைத் தாண்டிப் போனாலும் வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. இந்த நிலையில் இயற்கை வேளாண்மை, உள்ளூர்ச் சந்தை என்பவை வசதியுள்ள சில குடும்பங்களின் மனநிறைவுக்கு உதவலாமே தவிர, இந்த நகரத்தின் பசிக்கு உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

தட்டில் இருப்பது முழுவதும் அருகிலிருந்தே வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. அவை லாரிப் பயணத்தைத் தாங்கும், நம் வெயிலில் நன்றாக விளைவதும் இல்லை. ஆனால் கீரை, கத்திரி, வெண்டை, புடலை, பீர்க்கு, கொத்தவரை என்று வியாபாரிகள் நாட்டுக்காய் எனப் பிரித்துச் சொல்லும் வகைகள் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இன்றும் விளைகின்றன. நெல் என்றாலே தஞ்சையை நினைத்துப் பழகிவிட்டோம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களில், அதாவது சாகுபடிப் பருவங்களில், ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல் போடும் ஊர்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. வேர்க்கடலையும் உளுந்தும் எள்ளும் அங்கே உண்டு. ஆகவே எவையெவை அருகிலிருந்து வரக்கூடியவை, அவை ஏன் நமக்கு நல்ல நிலையில் வந்து சேர்வதில்லை, விளைவிப்பவருக்கு ஏன் கட்டுப்படியாவதில்லை என்று கேட்டால் பேச இடம் இருக்கிறது.

மனைகளைப் பற்றிச் சொன்னது உண்மை, அதை மறுக்கப் போவதில்லை. எஞ்சியிருக்கும் வயலும் மனையாகாமல் இருக்க வேண்டுமானால், அதில் விளைவதற்கு ஒரு நிலையான கொள்முதல் வேண்டும் என்பதே என் தரப்பு.

11 ஜூன் 2024

கோயம்பேட்டை வில்லனாக்கி ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொத்தவால் சாவடியின் நெரிசலிலிருந்து 1996இல் ஏறக்குறைய 295 ஏக்கர் வளாகத்துக்கு மொத்தச் சந்தை மாறியதால்தான் இத்தனை பெரிய நகரத்துக்கு அன்றாடம் காய்கறி கிடைக்கிறது. எல்லாம் ஒரே வாசல் வழியாக வருவதுதான் எனக்குக் கவலை. 2020 மே மாதம் தொற்றின் காரணமாக அந்த வாசல் மூடப்பட்டபோது, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது, மழை வந்ததும் அங்கே சேறும் தண்ணீரும் நின்றன, செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. அந்த மாதங்களில் செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் காயைப் பறிக்காமல் செடியிலேயே விட்டதையும், நாங்கள் தெருவில் தள்ளுவண்டிக்காகக் காத்திருந்ததையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு பேருந்துப் பயணம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பாலுக்கு நாம் பட்ட பாடும் இதே வகை.

16 ஜூன் 2024

கீரையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சென்னைக்கு அருகில் விளைந்தே தீர வேண்டிய பொருள் அதுதான். சில தெருக்களின் குடும்பங்கள் சேர்ந்து விவசாயியிடம் நேரடியாக வாங்கும் குழு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அதற்குக் கீரை தருபவர் திருவள்ளூர் மாவட்டத்தில் வெங்கல் பக்கத்தில் இருக்கிறார்.

சிறுகீரை விதைத்து மூன்றரை வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும். அந்த நாள் தவறினால் தண்டு முற்றிவிடும், பிறகு மாட்டுக்குத்தான். வெயில் தாழ்ந்தபின் பாத்தியில் இறங்கி வேரோடு பிடுங்கி, கிணற்றடித் தொட்டியில் மண் போக அலசி, வாழைநாரால் கட்டுப் போடுவார்கள். கட்டுகளை வேர்ப்பக்கம் வெளியே தெரியும்படி வட்டமாக அடுக்கி ஈரச் சாக்கால் மூடி, இரவு ஊரில் இன்னும் பலருடைய சரக்கோடு சேர்த்துக் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றுவார்கள். சந்தைக்குப் போய்ச் சேரும்போது விடிந்திருக்காது. என்ன விலைக்குப் போனது என்பது மறுநாள் தொலைபேசியில்தான் தெரியும். ஒரு வாரம் நல்ல விலை கிடைக்கும், அடுத்த வாரம் அறுப்புக்கூலிக்கே காணாது. நண்பகலுக்குள் விற்காத கட்டு குப்பைக்குப் போகும். அந்த நட்டத்தை வியாபாரி ஒருவர் மட்டும் தாங்குவதில்லை, அடுத்த நாள் விவசாயிக்கு வரும் தொகையில் அது கழிந்திருக்கும்.

அவர் ஒருமுறை சொன்னார்: “அறுக்குற வரைக்கும்தான் சார் அது என் கீரை. வண்டியில ஏத்திட்டா யார் கீரைன்னே தெரியாது.”

மருந்து அடிக்கும் பழக்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது. இலையில் ஓட்டை இருந்தால் சந்தையில் அந்தக் கட்டு ஒதுக்கப்படும். பூச்சிக்கொல்லி தெளித்தபின் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. மூன்றரை வாரப் பயிரில், கடைசி வாரத்தில் புழு விழுந்தால், அந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. ஒருவரிடம் ஓட்டை இல்லாத இலையையும் கேட்டு, விலையையும் உறுதி செய்யாமல் விட்டுவிட்டு, அவருக்கு இயற்கை வேளாண்மைப் பயிற்சி வகுப்பு மட்டும் நடத்துவது நியாயமாகாது.

17 ஜூன் 2024

மருந்து இல்லாமல் கீரையில் புழுவை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டவருக்கு: 5 விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி நூறு லிட்டராக்கித் தெளிப்பது. அதோடு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல். ஒரே பாத்தியில் தொடர்ந்து ஒரே கீரையைப் போடாமல் மாற்றிப் போடுவது. அப்போதும் சில இலைகளில் ஓட்டை இருக்கும், நாங்கள் அதை உண்கிறோம்.

23 ஜூன் 2024

நான் சொல்ல வந்ததன் மையத்துக்கு வருகிறேன். விதைப்பதற்கு முன்பே விலையும் அளவும் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டால், அருகிலுள்ள விவசாயி மருந்தைக் கைவிடுவதற்கான பொருளாதாரக் காரணம் முதன்முறையாக உருவாகிறது. விழிப்புணர்வு, பாரம்பரியம், ஆரோக்கியம் எல்லாம் இதற்குப் பின்னால் வரலாம்.

ஆதம்பாக்கத்திலும் மடிப்பாக்கத்திலும் உள்ள சில தெருக்களைச் சேர்ந்த குடும்பங்கள் சேர்ந்த குழு எங்களுடையது. ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால், எந்தக் கீரை எந்த வாரம், எத்தனை கட்டு, கட்டுக்கு என்ன விலை என்று அவரோடு உட்கார்ந்து பேசுவோம். கோயம்பேட்டில் விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் விலை மாறாது. ஏறும் வாரத்தில் அவருக்கு ஆசை வராதா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. இறங்கும் வாரங்களில் அவருக்குக் கிடைப்பதை ஒரு பட்டம் முழுவதும் கூட்டிப் பார்த்தபின் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கடினமான பகுதி எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. பீர்க்கு காய்க்கத் தொடங்கினால் தொடர்ந்து காய்க்கும். வாரந்தோறும் பீர்க்கு வந்தால் பொரியல், கூட்டு, தோல் துவையல், பீர்க்கு தோசை என்று வீட்டில் இருப்பவர்கள் வழி தேட வேண்டும். கறிவேப்பிலை முதல் கேரட் வரை எல்லாம் ஒரே கடையில் எந்நாளும் கிடைத்துப் பழகிய நமக்கு இது சிறிய மாற்றம் அல்ல. விலகிய குடும்பங்களுக்கு விலை ஒரு காரணமாக இல்லை, எது வரும் என்பதைத் தாங்கள் தீர்மானிக்க முடியவில்லை என்பதே காரணம். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். சமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்கள்மேல் விழும் வீடுகளில், பருவத்தோடு ஒத்துப்போவதன் உழைப்பும் அவர்கள்மேலேயே விழுகிறது. காயை நறுக்காத ஆண்கள் பருவகால உணவின் பெருமையைப் பேசுவதற்கு முன் கத்தியை எடுக்க வேண்டும்.

24 ஜூன் 2024

மருந்து அடிக்கவில்லை என்பதைச் சான்றிதழ் இல்லாமல் எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. முறைகள் இருக்கின்றன. ஏற்றுமதிக்கும் பெரிய அளவிலான விற்பனைக்கும் தேசிய அங்கக (இயற்கை வேளாண்) உற்பத்தித் திட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்புச் சான்று உண்டு. தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே 2007இலிருந்து இதைச் செய்கிறது. அதில் ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு என்று, இயற்கை முறைக்கு மாறுவதற்கான மாறுகாலம் உண்டு. மருந்து நின்றதும் விளைச்சல் குறையக்கூடிய, ஆனால் இயற்கை விளைபொருள் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்க முடியாத அந்த மாறுகாலம்தான் சிறு விவசாயியை வீழ்த்துகிறது. சிறியவர்களுக்குப் பொருந்துவது பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உறுதியளிப்பு முறை: குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது.

என்னைக் கேட்டால், மாறுகாலத்தில் இருக்கும் விவசாயியிடம் வாங்குவதே நகரத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி. முழுச் சான்று பெற்றவருக்கு ஏற்கெனவே சந்தை இருக்கிறது.

7 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, நீங்கள் சொல்வது ஆதம்பாக்கத்துக்குச் சரி, அன்றாடக் கூலிக் குடும்பங்கள் வாழும் கண்ணகி நகருக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான், இதற்குக் குழுக்களால் விடை இல்லை. முன்பணம் என்பது மாதச் சம்பளம் உள்ள வீட்டின் வசதி. அன்றாடக் கூலியில் அன்றாடம் காய் வாங்கும் வீட்டில் மூன்று மாதத் தொகையை எடுத்து வைக்கச் சொல்ல முடியாது.

அங்கே முன்பணம் கொடுக்க வேண்டியது பொதுப் பணம். இது புதிய சிந்தனையும் அல்ல. திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம், நுகர்வோர் கூட்டுறவில் நாட்டுக்கே முன்னோடி. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, விவசாயிக்கு அடையாள அட்டையும், நாள்தோறும் நிர்ணயித்த விலையும், இடைத்தரகர் இல்லாத கடையும் கொடுத்தது. இப்பக்கம் பல்லாவரத்திலும் நங்கநல்லூரிலும் அவை இருக்கின்றன. 2013இல் பண்ணைப் பசுமைக் கடைகள் வந்தன. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். அரசு நினைத்தால் சில நாட்களில் காய்கறியைத் தெருமுனைக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் விலை ஏறியபின் ஓடிப்போய் வாங்குவதற்கும், விதைக்கும்போதே பேசி வாங்குவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. முதலாவது நுகர்வோரை மட்டும் காப்பாற்றுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. சத்துணவுக் கூடங்களும் இருக்கின்றன. எத்தனை பிள்ளைகள், எந்தக் கிழமை என்ன உணவு என்பது முன்கூட்டியே தெரிந்த சமையல்கூடங்கள் இவை. இவ்வளவு துல்லியமாகத் தேவை தெரிந்த வாங்குபவர் வேறு யாரும் இல்லை. சென்னைப் பள்ளிகளின் சாம்பாருக்குப் போகும் கத்திரியையும் கீரையையும் திருவள்ளூர் விவசாயிகளோடு பருவத்துக்கு முன் ஒப்பந்தம் செய்து வாங்கினால், கண்ணகி நகரின் குழந்தைக்கும் வெங்கலின் பாத்திக்கும் நேரடி உறவு வந்துவிடும்.

8 ஜூலை 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். உழவர் சந்தையில் விவசாயியே நாள் முழுதும் கடையில் உட்கார வேண்டியிருக்கிறது. சிறு குடும்பத்தில் ஒருவர் சந்தைக்கு வந்தால் வயலில் ஒரு கை குறைகிறது. வெங்கலிலிருந்து பல்லாவரத்துக்கு வந்து போவது நடக்கக்கூடிய செயல் அல்ல. ஊர்க்காரர்கள் முறை வைத்து ஒருவர் எல்லோர் சரக்கையும் கொண்டுவர விதி இடம் கொடுத்தால், தொலைவில் இருப்பவர்களும் பயன் பெறுவார்கள்.

4 ஆகஸ்ட் 2024

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். செம்பரம்பாக்கம் ஏரி பாசனத்துக்காக இருந்த ஏரி. இன்று நமக்கு அது குடிநீர். பூண்டி, தாமரைப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் விவசாயக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. 1987இலேயே சென்னைப் பெருநகருக்கென நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தும் டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை.

ஒரு விவசாயிக்குக் கீரையை விற்பதைவிடக் கிணற்றை விற்பது லாபமாக இருந்தால், அவர் எதைச் செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கிணறு வற்றிய நிலம் அடுத்து மனையாகும், மனையான நிலத்தில் மழைநீர் இறங்காது, அடுத்த கோடையில் நமக்கு இன்னும் தொலைவிலிருந்து தண்ணீர் வேண்டியிருக்கும். நம் காயும் நம் குடிநீரும் ஒரே நிலத்திலிருந்து வருகின்றன என்பதை உணராமல் உள்ளூர் உணவைப் பற்றி மட்டும் பேசுவது அரைப்பேச்சு.

15 செப்டம்பர் 2024

பாரம்பரிய அரிசி பற்றி மூவர் கேட்டிருக்கிறீர்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் தூண்டுதலில் ‘நெல்’ ஜெயராமன் 2006இலிருந்து திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நடத்திய விதைத் திருவிழாக்களால்தான் காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் இன்று நம் வாயில் பெயர்களாகவேனும் இருக்கின்றன. 170க்கும் மேற்பட்ட ரகங்களை அவர் மீட்டு, விதையை வாங்கிச் சென்றவர்கள் அடுத்த ஆண்டு இரு மடங்காகத் திருப்பித் தரும் முறையை நடத்தினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். விதைகள் வயல்களில் இருக்கின்றன.

சென்னைக்கு அருகில் இந்த நெல்லைப் போட முடியுமா என்றால், முடியும், ஆனால் ரகம் பார்த்துப் போட வேண்டும். காட்டுயானம் ஆறு மாதப் பயிர், ஆள் உயரத்தை மிஞ்சி வளரும். நிலத்தை அத்தனை நாளும் அதற்கே விட முடிந்தால்தான் சரிவரும். பூங்கார் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும், தண்ணீர் நின்றாலும் தாங்கும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்களுக்கு நெல் போடுபவர் பூங்காரையும் தூயமல்லியையும் மட்டுமே வைத்திருக்கிறார்.

எங்களைத் திணறடித்தது அரைவை. செங்குன்றத்தின் பெரிய ஆலைகள் லாரி லாரியாக நெல் கேட்கும். ஒரு விவசாயியின் சில மூட்டைகளை அவித்து, காயவைத்து, தவிடு போகாமல் உமியை மட்டும் நீக்கித் தர ஊர் ஊராக இருந்த சிறிய அரைவை மில்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. கிடைத்த ஒரு மில்லில் முன்னால் அரைத்தவரின் ஐ.ஆர். என்னும் நவீன ரக அரிசி கலந்து வந்தது, நொய் அதிகமாக விழுந்தது. விதை இருக்கிறது, விளைவிக்க ஆள் இருக்கிறார், உண்ண ஆள் இருக்கிறார், நடுவில் உமி நீக்க இடம் இல்லை. மானியம் எதற்கு வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒன்றியத்துக்கு ஒரு சிறிய ரப்பர் உருளை மில்லுக்கு என்று சொல்வேன்.

16 செப்டம்பர் 2024

தவிடு போகாத அரிசியில் வண்டு வருகிறதே என்று கேட்டவருக்கு: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி நாளானால் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விரைவில் வரும். மொத்தமாக அரைத்து வாங்கி அடுக்காதீர்கள். நெல்லாகவே விவசாயியிடம் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை அரைத்து வாங்குங்கள். சேமிப்பிடத்துக்கும் சேர்த்து அவருக்கு விலை கொடுங்கள்.

8 டிசம்பர் 2024

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் பட்ட துயரத்தோடு ஒப்பிட்டால் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேதம் சிறியதுதான். ஆனாலும் எங்கள் விவசாயியின் தூயமல்லி கதிர் பிடித்த நிலையில் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தது. வெங்கலில் கீரைப் பாத்திகள் மழைக்குக் கரைந்து போயின.

முன்பணத்துக்கு என்ன ஆகும் என்று குழுவில் பேச்சு எழுந்தது. கொடுத்தது கொடுத்ததுதான் என்று முதலிலேயே பேசியிருந்தோம், எழுதியும் வைத்திருந்தோம். இருந்தும் அது தாளில் இருப்பதற்கும், கையில் அரிசி வராமல் போவதற்கும் வேறுபாடு இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் அடுத்த பட்டத்தில் ஈடு செய்யச் சொல்லின. ஒரு மூதாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை, “நெல் இரு மடங்கா விளைஞ்சிருந்தா அவருக்குக் கூடுதலா பணம் கொடுத்திருப்போமா?” என்று கேட்டார். கூட்டத்தில் அதற்குமேல் விவாதம் இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்றும், கீரைப் பாத்தியை மீண்டும் போட விதைக்கும் கூலிக்கும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

இயற்கை வழியில் விளைந்த பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது எளிது. விளையாத பொருளுக்கு விலை கொடுப்பதில்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மழையின் கணக்கை முழுவதும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவரிடம் நஞ்சில்லா உணவைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

9 டிசம்பர் 2024

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று எழுதியிருப்பவருக்கு: நெல்லுக்கு இருக்கிறது, அதைச் செய்து வைக்கச் சொல்லுங்கள். குத்தகை நிலத்தில் பயிர் செய்பவருக்கு ஆவணங்கள் சேர்ப்பதே போராட்டம். எங்கள் கீரைக்காரரின் நிலம் வாய்மொழிக் குத்தகை.

4 ஜனவரி 2025

தங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழு தொடங்குவது எப்படி என்று கொளத்தூரிலிருந்து எழுதிய சகோதரிக்கு. உங்கள் தெருவில் ஆர்வமுள்ள குடும்பங்கள் இருப்பது மகிழ்ச்சி. எல்லாக் காய்கறிக்கும் ஏற்பாடு செய்ய முயல வேண்டாம். கீரையும் அரிசியும் வேர்க்கடலையும் போதும். கீரை வாரந்தோறும் உறவை உயிரோடு வைத்திருக்கும், மற்ற இரண்டும் விவசாயிக்குத் தொகையாகக் கையில் நிற்கும். மற்ற காய்களை வழக்கமான தள்ளுவண்டிக்காரரிடமே வாங்குங்கள், அவரும் நம் உணவு ஏற்பாட்டில் ஒருவர்தான். முடிந்தால் அவரையே உங்கள் கீரையை வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லி ஒரு பங்கு கொடுங்கள்; எங்கள் தெருவில் அப்படித்தான் நடக்கிறது, இளைஞர்களின் தன்னார்வத்தை நம்பிய நாட்களைவிட இது ஒழுங்காக நடக்கிறது.

ஒப்பந்தத்தில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: விலை, அளவு, முன்பணத்தின் பங்கு, மழையிலோ வறட்சியிலோ விளையாமல் போனால் யார் எவ்வளவு தாங்குவது. கடைசிச் செய்தியைப் பேசச் சங்கடமாக இருக்கும், அதை முதலில் பேசிவிடுங்கள். வெங்கல் பக்கம் உங்களுக்கு அருகில்தான். அங்கே இப்போது நவரைக்கு நாற்று விட்டுக்கொண்டிருப்பார்கள். பொங்கலுக்கு முன்பே ஒருநாள் குடும்பத்தோடு போய்ப் பேசுங்கள், அதற்குப் பிறகென்றால் எந்தப் பாத்தியில் எதைப் போடுவது என்று அவர் முடிவு செய்திருப்பார்.